மலைக்கு நேர் மேலே ஒரு சாட்டிலைட்

எங்கள் கல்லூரியின் முன்கூடத்தில் செவ்வாய் கிரகம் ஒன்று இருந்தது. ஃபைபரில் செய்து காவி வண்ணம் அடித்த பெரிய உருண்டை. இரண்டு பேர் கை கோத்தால்தான் சுற்றி அணைக்க முடியும். அதன் இடுப்பில் ஒரு வீக்கம், வீக்கத்தின் மேல் பிசைந்து ஒட்டிய சில மலைகள். அதில் ஒரு மலையின் உச்சியிலிருந்து எவர்சில்வர் கம்பி ஒன்று நீண்டு, அதன் நுனியில் தகரத்தில் செய்த சாட்டிலைட் இரண்டு நீல இறக்கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே எங்கள் டீன் இடுப்பில் கை வைத்து நின்று, "நிக்குதா இல்லையா?" என்று கேட்டாரே, அந்தக் காலை நேரம்தான் அவரை நினைத்தால் முதலில் வருகிறது. வெல்டிங் வைத்தால் எருமை மாடுகூட அந்த இடத்தில் நிற்கும். அதை நான் சொல்லவில்லை. "கம்பீரமா நிக்குது சார்" என்றேன். நான் மாதச் சம்பளக்காரன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்கே மலை தெரிகிற ஒரு பொட்டலில் கட்டிய தனியார் பொறியியல் கல்லூரி அது. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். இயற்பியலைவிட ஆண்டு விழாவில் மைக் பிடிப்பதுதான் எனக்கு நன்றாக வரும் என்று மாணவர்கள் சொல்வார்கள். மைக்கும் சுமார்தான் என்று என் மனைவி சொல்வாள். எங்கே யார் முகம் கறுத்தாலும் ஒரு ஜோக்கைச் சொல்லி நிலைமையைச் சமாளிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். தீயணைப்புக் கருவி மாதிரி ஒரு மூலையில் மாட்டப்பட்டிருந்தேன். அதுவாவது அவ்வப்போது புதிதாக நிரப்பப்படும்.

டீனைப் பற்றி ஒரே ஒரு நல்ல விஷயம் சொல்ல முடியும். அவர் ஒருபோதும் தவறான எண்ணைச் சொன்னதில்லை. எந்த எண்ணையுமே சொன்னதில்லை என்பதுதான் காரணம். எத்தனை பேர் பாஸ் என்று தாளாளர் கேட்டால் "நல்லாப் பண்ணிருக்காங்க" என்பார். கூட்டம் எத்தனை மணிக்கு என்றால் "காலையிலயே வந்துருங்க" என்பார். எண்ணைச் சொல்லிவிட்டால் நாளைக்கு அது திரும்பி வந்து சட்டையைப் பிடிக்கும் என்ற பயம் அவருக்கு. கூட்டத்தில் யாராவது விடாமல் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார்" என்பார். பக்கத்தில் பெரும்பாலும் நான் இருப்பேன். நான் ஏதோ ஒன்றைச் சொல்வேன். அது சரியாக இருந்துவிட்டால், "நாந்தான் அன்னைக்கே சொன்னேம்லா" என்பார். அன்றைக்கு என்ன சொன்னார் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. இப்படியே படிப்படியாக ஏறி டீன் ஆகிவிட்டார். அவரைவிடக் கெட்டிக்காரர்கள் பலர், எண்களைச் சொன்ன பாவத்துக்காகக் கீழேயே இருந்தார்கள்.

அவருடைய உலகத்தில் ஒரே ஒரு பெருநாள் உண்டு, ஆய்வுக் குழு வரும் நாள். கல்லூரிக்குத் தரம் போடுகிற குழு. அது வருவதற்கு முந்தின வாரம் நர்சரியிலிருந்து பூந்தொட்டிகள் வாடகைக்கு வரும். நிர்வாகத்தின் இன்னொரு கல்லூரியிலிருந்து நூலகப் புத்தகங்கள் லாரியில் வரும். பேராசிரியர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். ஒரு தடவை அப்படி வந்து இறங்கியவர் ஒருவர், கழிவறை எங்கே இருக்கிறது என்று குழுத் தலைவரிடமே போய்க் கேட்டார். வேரில்லாத வேப்பங்கன்றுகளை வரிசையாக நட்டு ஈர மண்ணைக் குவித்து வைத்ததும் உண்டு. வாடிவிடுமே என்று தோட்டக்காரர் கேட்டதற்கு டீன் சொன்னார், "குழு போற வரைக்கும் நின்னாப் போதும்." மின்விசிறிக்கும் அதே விதி, பாத்ரூம் குழாய்க்கும் அதே விதி. அவருக்குத் தெரிந்த பொறியியல் எல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான்.

கணிதத் துறையில் ஒரு மேடம் இருந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். செட்டியார்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கணவருக்குப் பேண்டேஜ் துணி வியாபாரம். பேச்சு குறைவு. பேசினால், கேட்டவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்து போக முடியும். வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். எங்கள் கல்லூரியில் ஆய்வு வழிகாட்டியாக இருக்கப் பல்கலைக்கழகம் அனுமதித்திருந்த ஒரே ஆள் டீன். ஆகவே வேறு வழியில்லாமல் அவர்தான் வழிகாட்டி. மேடம் எடுத்த பொருள், செவ்வாய் கிரகத்தைச் சுற்றி ஒரே இடத்தில் நிற்கிற சாட்டிலைட்டுகள் எத்தனை காலம் அந்த இடத்தில் நிற்கும் என்பது.

அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு நான் என் பங்குக்குச் சொன்னேன். "ஏம்மா, ராஜபாளையத்துல பஸ்ஸே நிக்க வேண்டிய எடத்துல நிக்க மாட்டேங்கான். நீங்க செவ்வாயில சாட்டிலைட்ட நிறுத்தப் போறீயளா?"

"பஸ்ஸு நிக்கதுக்கு டிரைவர் மனசு வைக்கணும் சார். இதுக்கு அந்தத் தொந்தரவு இல்ல" என்றார் மேடம்.

பிறகு அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இயற்பியல் வாத்தியாருக்குக் கணக்கு டீச்சர் சொல்லிக்கொடுத்தது இது. நம் வீட்டு மாடியில் இருக்கிற டிவி டிஷ் எப்போதும் ஒரே திசையைப் பார்க்கிறது. காரணம், அது பார்க்கிற சாட்டிலைட், பூமி தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் தானும் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. கீழேயிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பது போலத் தெரியும். செவ்வாய்க்கும் அப்படி ஓர் உயரம் உண்டு, தரையிலிருந்து ஏறக்குறைய பதினேழாயிரம் கிலோமீட்டர். நாளைக்கு அங்கே மனிதர்கள் போனால், வண்டிகள் ஓடினால், எல்லாருக்கும் பேச்சுத் தொடர்பு வேண்டுமென்றால் அந்த உயரத்தில்தான் சாட்டிலைட்டுகளை நிறுத்த வேண்டும். ஆனால் செவ்வாய் சரியான உருண்டை இல்லை. ஒரு பக்கம் எரிமலைகள் சேர்ந்து பெரிதாக வீங்கிக் கிடக்கிறது. அந்த வீக்கம் சாட்டிலைட்டை ஓயாமல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுக்கும். பூமியிலும் இந்த இழுப்பு உண்டு, ஆனால் செவ்வாயில் அது ரொம்ப அதிகம். கிரகத்தைச் சுற்றி நாலே நாலு இடங்களில் மட்டும் இழுப்புகள் சமமாகிவிடும். அதில் இரண்டு இடங்கள் கிண்ணத்துக்குள் போட்ட கோலிக்குண்டு மாதிரி. தள்ளிவிட்டாலும் திரும்பி வரும். மற்ற இரண்டு இடங்கள் கவிழ்த்து வைத்த கிண்ணத்தின் உச்சியில் வைத்த கோலிக்குண்டு மாதிரி. நிற்கும், ஆனால் ஒரு மூச்சு பட்டால் போயிற்று. அந்த மலைக்கூட்டத்துக்கு மேலே இருப்பது கவிழ்த்த கிண்ணம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சாட்டிலைட்டை முன்னால் இழுத்தால் அது பின்தங்கிப் போகும். இழுத்த இழுப்பில் இன்னும் உயரே ஏறிவிடுகிறது. உயரே ஏறியது பெரிய வட்டத்தில் மெதுவாகச் சுற்றுவதால், கிரகத்தின் சுழற்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பிந்துகிறது. எங்கள் கல்லூரியில் பதவி உயர்வு பெற்றவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது உடனே புரிந்துவிட்டது.

குழு வரப்போகிறது என்றதும், செவ்வாயை முன்கூடத்தில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று டீனுக்குத் தோன்றியது. சாட்டிலைட்டை எங்கே வைப்பது என்று பார்க்க மேடத்தின் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். நானும் கூட இருந்தேன்.

"எங்கம்மா நிக்கும் இது?"

"நாலு எடத்துல நிக்கும் சார். ரெண்டுல நிலையா நிக்கும். இந்த மலைப் பக்கம் நின்னாலும்…"

"மலைக்கு மேல நிக்கும்லா?"

"செத்த நேரம் நிக்கும் சார். பொறவு வழுக்கிரும்."

"போடுங்க பாப்போம்."

மேடம் ஓட்டிக் காட்டினார். சிவப்பு வட்டத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி நின்றது. டீன் கையில் இருந்த டீயைக் குடித்து முடிக்கும் வரை நின்றது. "நிக்குதுல்ல. பெறகென்ன? மலைக்கு நேர் மேல வச்சாத்தான் மரியாதையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டம்ளரை மேடத்தின் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் வராண்டா திரும்புவதற்குள் புள்ளி மெல்ல நகர ஆரம்பித்தது. திரையில் மாதங்கள் ஓடின. புள்ளி மலையை விட்டு இறங்கி, பள்ளத்தைத் தாண்டி, கிரகத்தின் அந்தப் பக்கம் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. மேடம் அந்தக் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீன் இதை வேண்டுமென்றே செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு பொருள் நிற்கிறதா என்று பார்க்க அவருக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். பார்க்க வந்தவர் டீ குடித்து முடிக்கும் வரை விழாமல் இருந்தால் அது நிற்கிறது. வேப்பங்கன்றுக்குப் பிடித்த அளவுகோலை அந்த மனிதர் செவ்வாய் கிரகத்துக்கும் பிடித்தார்.

குழு வந்தது. விருந்தோம்பல் பொறுப்பு என்னுடையது. அதாவது ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி வருவது. முனைவர் பட்டம் பெற்றவன் செய்ய வேண்டிய வேலைதான். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், சாதுவான மனிதர். உருண்டையைச் சுற்றி வந்து பார்த்தார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாருக்கு. இத இந்த எடத்துலயே நிறுத்தி வைக்க வருஷத்துக்கு எவ்வளவு எரிபொருள் ஆகும்?" என்று கேட்டார்.

டீன் பெருமையாகச் சிரித்தார். "எரிபொருளே வேண்டாம் சார். ஸ்டேஷனரின்னா ஸ்டேஷனரி. பாருங்க, நிக்குதுல்ல."

தலைவர் பக்கத்தில் நின்ற மேடத்தைப் பார்த்தார். மேடம் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "கம்பிய எடுத்துட்டா நிக்காது சார்."

பின்னால் நின்ற பட்டறை ஆசிரியர், மாதிரியைச் செய்தவர், தன் வேலையைத்தான் குறை சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, "கெட்டியான கம்பி சார். நானே பத்த வச்சேன். ஆடாது" என்றார். தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் பால்கோவா தட்டோடு உள்ளே நுழைந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே துல்லியமான சுற்றுப்பாதைக் கணக்கு அதுதான். மத்தியானம் குழுவைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் காற்று வாங்க வைத்தார்கள். நல்ல தரமே கிடைத்தது. பூந்தொட்டிகள் அன்று சாயங்காலமே வண்டி ஏறிப் போய்விட்டன.

மறுநாளிலிருந்து டீன் மேடத்தின் ஆய்வேட்டைத் தொடவில்லை. கடைசிக் கையெழுத்து அவர் போட்டால்தான் பல்கலைக்கழகத்தில் அதைக் கொடுக்க முடியும். மேடத்துக்கு அனுமதித்த காலம் முடிகிற தறுவாயில் இருந்தது. அது முடிந்துவிட்டால் செய்த வேலை அத்தனையும் செல்லாது, மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். டாக்டர் பட்டம் இல்லாதவர்களை நிர்வாகம் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம் வேறு. டீன் சொன்னது இதுதான். "மலைக்கு மேல நிலையா நிக்கும்னு அந்த அத்தியாயத்த மாத்திட்டு வாங்க. கையெழுத்துப் போடுதேன். கமிட்டிக்கு முன்னால சொன்னத நான் மாத்திச் சொல்ல முடியாதுல்லா?"

நான் மேடத்திடம் யோசனை சொன்னேன். என் யோசனைகள் எல்லாம் எந்தத் தரத்தில் இருக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம். "ஒரு வரிதானம்மா. மாத்திக் குடுத்துருங்க. செவ்வாயில போயி யாரு பாக்கப் போறா?"

"என்னைக்காவது ஒருத்தன் அத நம்பி அங்க கொண்டு போயி வைப்பான் சார். அது வழுக்கிட்டுப் போகும்போது எம் பேரச் சொல்லித்தான் ஏசுவான்."

"அம்புட்டு தூரத்துல ஏசுறது இங்க கேக்குமா?"

"எனக்குக் கேக்கும் சார்."

ஒரு வாரம் கழித்து மேடம் என்னைத் தேடி வந்தார். டீன் அறைக்குப் போகிறேன், கூட வந்து உட்காருங்கள் என்றார். "நீங்க எதுவும் பேச வேண்டாம் சார். அது உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் முயற்சி பண்ணுங்க."

டீனின் அறையில் ஏசி எப்போதும் குளிர்ந்துகொண்டிருக்கும். மேடம் ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"அத்தியாயத்த மாத்திருதேன் சார். ஆனா எனக்குக் கணக்கு வேற மாதிரி வருது. அதனால நீங்களே எந்த எடம், எத்தன நாள் நிக்கும்னு உங்க கையால எழுதிக் குடுத்துருங்க. உங்க பேரப் போட்டு அப்படியே சேத்துருதேன். பெருமை உங்களுக்கே வரட்டும்."

டீன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தாளைப் பார்த்தார். அவ்வளவு வெள்ளையான ஒரு தாளை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போல் இருந்தது. மூடியைத் திரும்பப் போட்டார். மணியை அடித்து டீ சொன்னார். "இது பெரிய சப்ஜெக்டு, மேலோட்டமா எழுதக் கூடாது" என்றார். பிறகு வழக்கம் போல என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். எத்தன நாள் நிக்கும்?"

எத்தனையோ வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். ஒரு எண்ணும் ஒரு ஜோக்கும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. நான் சுவரில் மாட்டியிருந்த தாளாளரின் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தச் செத்த நேரம் வாயை மூடி வைத்திருந்ததற்கு எனக்கு அன்றைக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம்.

டீ வந்தது, ஆறியது. டீன் தாளை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். கடைசியில் மேடம் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். வழிகாட்டியை மாற்றிக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் இருந்தது.

"இல்லன்னா இதுல கையெழுத்துப் போட்டுருங்க சார். மதுரையில ஒரு பேராசிரியர் ஏத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி மேடம் சொன்னார், "இதுல நம்பர் எதுவும் இல்ல சார்."

டீன் அதை முழுக்கப் படித்தார். அவர் எதையும் முழுக்கப் படித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எண் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடியிருப்பார். இல்லை என்று தெரிந்ததும் முகம் தெளிந்து, சர்ரென்று கையெழுத்துப் போட்டார். "நல்லா வரணும் மேடம்" என்று ஆசீர்வாதம் வேறு. வெளியே வந்ததும் மேடம் வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பேசிருவியளோன்னு பயந்துட்டே இருந்தேன் சார்" என்றார். டீனுக்கு அவர் பயப்படவில்லை. என் வாய்க்குத்தான் பயந்திருக்கிறார்.

ஆய்வேடு காலத்துக்குள் போய்ச் சேர்ந்தது. பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு மதுரையில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். நானும் பட்டறை ஆசிரியரும் பஸ் ஏறிப் போயிருந்தோம். உள்ளே நுழைந்தால் முதல் வரிசையில் டீன் உட்கார்ந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. அவரைப் பார்த்ததும் மேடத்தின் முகம் மாறியது. அந்த அவையில் ஒரு பெரிய மனிதர் எழுந்து ஆட்சேபம் சொன்னால் முடிவைத் தள்ளிப்போட்டுவிடலாம். பக்கத்தில் பட்டறை ஆசிரியர் என் காதில், "சார், அவிய எதுக்கு வந்துருக்காவ?" என்றார்.

மேடம் பேசி முடித்தார். நாலு இடங்களையும் படம் போட்டுக் காட்டினார். மலைக்கூட்டத்துக்கு மேலே வைத்தால் எத்தனை நாளில் எவ்வளவு தூரம் வழுக்கும், பிடித்து நிறுத்த எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்று எண் எண்ணாகச் சொன்னார். கேள்வி உண்டா என்று கேட்டதும் டீன் கையைத் தூக்கினார். எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இந்த ஆய்வு தன் வழிகாட்டுதலில்தான் ஆரம்பமானது என்றும், சாட்டிலைட்டை எங்கே நிறுத்துவது என்பது பற்றித் தனக்கு ஆரம்பத்திலிருந்தே சில ஆழமான கருத்துகள் உண்டு என்றும் ஆரம்பித்து நீளமாகப் பேசினார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு கேட்டார்.

"அப்ப நீங்க சொல்லுங்க சார். எந்த எடத்துல வைக்கலாம்?"

அரங்கம் முழுவதும் டீனையே பார்த்தது. அவர் வலப்பக்கம் திரும்பினார். அந்த நாற்காலி காலி. இடப்பக்கம் திரும்பினார். யாரோ முன்பின் தெரியாத ஒரு மாணவி. நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். திரையில் நாலு புள்ளிகள் இருந்தன. அதில் எது எதுவென்று அவர் கவனித்திருக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"மேடம் சொல்ற எடத்துலயே வைக்கலாம்" என்றார்.

"ரொம்ப நன்றி சார்" என்றார் மேடம். தேர்வாளர் தலையசைத்து எதையோ எழுதிக்கொண்டார். பட்டம் உறுதியாயிற்று. முதலில் கைதட்டியவரும் டீன்தான்.

மேடம் இப்போது வேறு ஊரில், நிஜமாகவே சாட்டிலைட்டுகளை நிறுத்துகிறவர்களோடு வேலை பார்க்கிறார். நான் அதே பொட்டலில், அதே இயற்பியல், அதே மைக். டீன் போன மாதம் ஓய்வு பெற்றார். ஒரு பாராட்டு விழா எடுக்கிறார்கள், விழா மலர் ஒன்றும் அச்சடிக்கிறார்கள். மலருக்குப் பொறுப்பான இளம் ஆசிரியர் நேற்றுப் போன் செய்தார். "சார், அவிய சொன்னதுல ஒங்க மனசுல நின்ன ஒரு வாக்கியம் வேணும். பக்கத்துக்கு மேல பெரிய எழுத்துல போடுதோம்."

யோசிக்கவே இல்லை. "மேடம் சொல்ற எடத்துலயே வைக்கலாம்னு போடுங்க" என்றேன். எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்று கேட்டதும் மதுரைக் கதையைக் கொஞ்சம் சொன்னேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. எங்கள் டீன் தன் பணிக்காலம் முழுவதிலும் சொன்ன ஒரே சரியான விடை அதுதான் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அந்த ஆசிரியர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

"எந்த எடம் சார் அது? ஒரு அடைப்புக்குறிக்குள்ள போட்டுருவோம். நாளைக்கு அவியளப் பாக்கப் போறேன், அவிய வாயாலயே கேட்டுக்கிடுதேன்."

"அத மட்டும் கேட்டுறாதீங்க தம்பி" என்றேன்.